பிரசங்க பீடத்தில் யாருடைய கதை?

2014 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தை கெட்ட குமாரன் உவமையைப் பிரசங்கித்தார். புனேயில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகராக அது அவருக்கு ஒன்பதாம் ஆண்டு. தூரத்தில் வரும் மகனைக் கண்டு தகப்பன் ஓடிய இடத்தில் அவருடைய குரல் தழுதழுத்தது. பெண்கள் பக்கத்தில் பலர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் அம்மாவுக்கு அருகில் அமர்ந்திருந்த நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனெனில் அன்று என் அண்ணன் அதே நகரின் மறுபக்கத்தில், ஆலயத்திலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில் இருந்தான். சபையைப் பொறுத்தவரை அவன் மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிச் சொல்லிக்கொள்வது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயர் இன்னிக்கு உருகிட்டாரும்மா. மகன் தூர தேசத்துல இருக்கான்ல” என்றார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பு என் பங்குப் பொய்.

அப்பா ஏன் மறைத்தார் என்பதைக் கோபத்தோடு பார்த்த ஆண்டுகளும் உண்டு, ஆய்வாளரின் கண்ணோடு பார்க்கப் பழகிய ஆண்டுகளும் உண்டு. போதகருக்கான தகுதிகளைப் பட்டியலிடும்போது, அவர் தம் வீட்டை நன்றாக நடத்துகிறவராக இருக்கவேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் கேட்கிறது. வீட்டை நடத்தத் தெரியாதவர் சபையை எப்படி நடத்துவார் என்பது அதன் வாதம். எங்கள் சபைகளில் இந்த வசனம் அறிவுரையாக இருப்பதைவிட, கமிட்டிக் கூட்டங்களில் ஆயுதமாகப் பயன்படுவதே அதிகம். போதகர் குடியிருப்பது சபை கொடுத்த வீடு. சம்பளம் காணிக்கையிலிருந்து வருகிறது. ஒரு புகார் எழுந்தால் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம் எல்லாம் ஒரே நாளில் ஆட்டம் காணும். அந்தப் பெண் நான்தான். மஸ்கட் என்ற பொய்யின் நிழலில் பாதுகாக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

இன்னொரு காரணம் நம் ‘சாட்சி’ மரபிலேயே இருக்கிறது. சபையில் எழுந்து சாட்சி சொல்கிறவர் குடித்தேன், சூதாடினேன், கடன் வாங்கினேன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கவேண்டும். கதை வெற்றியில் முடியவேண்டும். ‘இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன்’ என்ற நிகழ்கால வினைக்கு அந்த வடிவத்தில் இடமில்லை. சபையாருக்கே இல்லாத அந்த இடம் போதகருக்கு எப்படிக் கிடைக்கும்? ஆகவே அவர் உவமைக்குள் ஒளிந்துகொண்டு அழுதார். அந்தக் கண்ணீர் உண்மையானது, அதற்குச் சபை அறிந்திருந்த காரணம் பொய்யானது.

அந்த ஆண்டுதான் மராத்தியக் கிறிஸ்தவத் தன்வரலாறுகளைக் குறித்த என் ஆய்வு தொடங்கியது. முதலில் வாசித்தது லட்சுமிபாய் திலக்கின் ‘ஸ்மிருதிசித்ரே’. 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல் மராத்திய உரைநடையின் செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. அவருடைய கணவர் நாராயண் வாமன் திலக், சித்பாவன் பிராமணக் குடும்பத்தில் 1861-இல் பிறந்த கவிஞர். 1895 பிப்ரவரியில் பம்பாயில் திருமுழுக்குப் பெற்றார். அந்நேரம் மனைவி உடனில்லை. கணவரின் முடிவை ஏற்க முடியாமல் லட்சுமிபாய் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தார். பின்னர் சேர்ந்தார், தாமும் கிறிஸ்துவை ஏற்றார். திலக் அகமதுநகரில் அமெரிக்க மராத்தி மிஷனோடு சேர்ந்து ஊழியம் செய்தார், 1904-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் இயற்றிய பாடல்கள் மராத்தியச் சபைகளில் இன்றும் ஞாயிறுதோறும் பாடப்படுகின்றன.

பாடல்களிலிருந்து நாம் அறியும் திலக் பக்தியில் கரைந்த ஒரு துறவி. மனைவியின் நூலிலிருந்து அறிபவரோ முன்கோபி. வீட்டுச் செலவுக்கான பணத்தைக் கண்டவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர். சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறவர். லட்சுமிபாய் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் பழி தீர்க்கவுமில்லை. தம் பிடிவாதத்தையும் சாதித் தயக்கத்தையும் அதே சிரிப்போடு எழுதினார். புத்தகத்தை மூடும்போது திலக்கின் மீது மதிப்பு குறைவதில்லை. பாடல்களை எழுதிய மனிதர் இன்னார் என்று முதன்முறையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு பிரசங்கியாரைப் பற்றிய உண்மை அவருடைய பிரசங்கத்தில் கிடைக்காது, அவர் வீட்டுச் சமையலறையில்தான் கிடைக்கும் என்று அப்போது என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஆய்வேட்டுக்கான கருதுகோள் என்று நினைத்து எழுதியது; உண்மையில் அது அப்பாவுக்கு எதிரான என் குற்றப்பத்திரிகை.

அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை, ஜோசபின் இங்க்ஸ்டர் செய்து 1950-இல் வெளிவந்ததை, நூலகத்திலிருந்து எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தேன். உள்நோக்கத்தோடுதான் கொடுத்தேன். அவர் இரண்டு வாரங்கள் இரவில் வாசித்தார். திருப்பித் தரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “திலக் உயிரோடு இருந்திருந்தா இதை எழுத விட்டிருப்பாரா?” அவர் 1919-இல் இறந்துவிட்டார், நூல் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது என்று சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியின் முழு எடையும் அன்று எனக்குப் புரியவில்லை.

2016 லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு. பாவ அறிக்கையைப் பற்றிப் பிரசங்கம். நடுவில் அப்பா குறிப்புத்தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். “என் மகன் மஸ்கட்டில் இல்லை. அவன் குடிக்கு அடிமையாகி இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தான். ஒருமுறை வீட்டில் அவன் அம்மாவின் நகையை எடுத்தான். உங்களுக்கு ஆறுதல் சொன்ன நாட்களில் எங்கள் வீட்டில் ஆறுதல் இல்லை” என்றார். ஐந்து நிமிடங்கள் பேசியிருப்பார். பிறகு ஆசீர்வாதம் கூறாமலே இறங்கிவிட்டார். மூப்பர் ஒருவர் எழுந்து கடைசிப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

நான் அழுதேன். என் தந்தை வென்றுவிட்டார் என்று நினைத்தேன். உண்மை பேசும் போதகர் எப்படியிருப்பார் என்று அதுவரை வாசித்ததெல்லாம் கண்முன் நடந்துவிட்டதுபோல இருந்தது.

அடுத்த சில வாரங்களில் நடந்தவை அந்த நினைப்புக்கு ஆதரவாகவும் இருந்தன. கமிட்டியில் இருவர் தீமோத்தேயு நிருபத்தை எடுத்துவந்தார்கள். இடமாற்றப் பேச்சு எழுந்து அடங்கியது. ஆனால் இருட்டிய பிறகு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் இருந்தார்கள். கணவன் குடிப்பதை 20 ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒரு பெண். மகள் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை உறவினரிடம் மறைத்திருந்த ஒரு தம்பதி. ஒன்பது ஆண்டுகள் அவர் பிரசங்கத்தைக் கேட்டும் அவரிடம் வராதவர்கள், அந்த ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு வந்தார்கள். போதகரின் பலவீனம் மற்றவர்களுக்குக் கதவாகும் என்பது வெறும் சொல்லலங்காரம் அல்ல என்பதை அந்த இரவுகளில் கண்டேன்.

ஆனால் வராத ஒருவனும் இருந்தான். அண்ணன் அப்போது 14 மாதங்களாகக் குடிக்காமல் இருந்தான். ஒரு பணிமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே உடன் வேலை செய்கிறவர்களில் இருவர் எங்கள் சபைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திங்கட்கிழமை காலை அவன் வேலைக்குப் போனபோது நகை விஷயம் அவனுக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் அப்பாவிடம் ஐந்து மாதங்கள் பேசவில்லை. என்னிடம் சொன்னது இது: “அப்பா மனசுல இருந்த பாரத்தை இறக்கி வெச்சுட்டார். சரி. ஆனா எங்க இறக்கி வெச்சார்? என் தலைமேல.” பிறகு, மறுவாழ்வு மையத்தில் மாலைக் கூட்டங்களுக்கு இருந்த விதியைச் சொன்னான். ஒவ்வொருவரும் தன் கதையை மட்டுமே சொல்லலாம். மனைவியின் கதையையோ, பக்கத்துப் படுக்கைக்காரனின் கதையையோ சொல்லக்கூடாது. கேட்டது அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. “குடிகாரங்களுக்கே அந்த மரியாதை தெரியும்” என்றான்.

நான் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து லூக்காவின் பதினைந்தாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்தேன். பலமுறை கேட்ட கதைதான். ஆனால் இந்த முறை, மகன் செய்ததை யார் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். தூரதேசத்தில் நடந்ததைக் கதை சொல்பவர் சொல்கிறார். திரும்பி வந்த மகன், தான் பாவம் செய்ததாகத் தன் வாயால் சொல்கிறான். தகப்பன் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மகன் பேசி முடிக்கும் முன்பே உயர்ந்த ஆடையைக் கொண்டுவரச் சொல்கிறார். வேலைக்காரருக்கும் விருந்தினருக்கும் அவர் அறிவிப்பதெல்லாம், காணாமற்போனவன் கிடைத்தான் என்பது மட்டுமே. வேசிகளைப் பற்றிய பேச்சை எடுப்பவன் மூத்த மகன். கணக்கு வைத்திருந்தவன், வீட்டிலேயே இருந்தவன், நியாயம் தன் பக்கம் இருப்பதாக நம்பியவன்.

அந்த உவமையில் என் இடம் எது என்பது அன்று தெரிந்தது. உண்மை வெளிவரவேண்டும் என்று நான் விரும்பியதில் உண்மையின் மீதான பற்று எவ்வளவு, ஐந்து ஆண்டுகளாக அண்ணனால் தடைப்பட்ட என் வாழ்க்கைக்கான கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

அண்ணனின் வார்த்தைகளை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் தற்காத்துக்கொள்ளவில்லை. சில நாட்கள் கழித்து, அண்ணன் வேலை முடிந்து வரும் நேரத்தில் பணிமனை வாசலுக்குத் தனியாகப் போய் நின்றிருக்கிறார். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அந்த ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் பிரசங்க பீடத்தில் அதைப் பற்றிப் பேசினார். இந்த முறை இரண்டே நிமிடங்கள்: “லெந்து நாட்களில் நான் உங்களிடம் அறிக்கை செய்ததாக நினைத்தேன். நான் சொன்னது என் மகனுடைய பாவத்தை. என் பாவம் வேறு. இரண்டு ஆண்டுகள் உங்களிடம் பொய் சொன்னேன். உங்கள் மதிப்பு போய்விடும் என்று பயந்தேன். அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.”

இந்த இரண்டாம் அறிக்கைக்கு யாரும் கண்ணீர் விடவில்லை. இருட்டியபின் யாரும் கதவைத் தட்டவில்லை. முதல் அறிக்கையில் ஒரு கதை இருந்தது. நகை, மருத்துவமனை, தகப்பனின் வேதனை எல்லாம் இருந்தன. கேட்டவர்கள் அந்தத் தகப்பனுக்காக இரங்கினார்கள். இரண்டாவதில் இரங்குவதற்கு எவரும் இல்லை, ஒரு பொய்யன் மட்டுமே இருந்தான். ஒளிவுமறைவற்ற பிரசங்கியார் என்று நாம் கொண்டாடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை இப்போது நினைத்துக்கொள்கிறேன். திறந்துகாட்டுவதிலும் ஒரு புகழ் உண்டு. தம் வீட்டாரின் நோயையும் தோல்வியையும் உவமையாக்கி மேடையில் நெகிழ்கிறவர் தம்மைத் திறந்துகாட்டுவதுபோலத் தோன்றும். திறக்கப்படுவது பெரும்பாலும் வேறொருவருடைய பெட்டி.

பண்டித ரமாபாயை நான் மீண்டும் வாசித்தது இந்த வெளிச்சத்தில்தான். 1883-இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அதன் பின்னரும், தம்மை வழிநடத்திய சகோதரி ஜெரால்டினோடு கடிதங்களில் விடாமல் வாதாடினார். மனம் ஏற்காத கோட்பாட்டை ஏற்றதாகச் சொல்ல மறுத்தார். அணியும் சிலுவையில் லத்தீன் சொற்கள் எதற்கு, சமஸ்கிருதம் இருக்கலாகாதா என்று கேட்டார். அகங்காரம் என்ற பழி அவர்மீது வந்தது. ஆண்டுகள் கடந்து 1907-இல், கேட்காவில் முக்தி இல்லத்தை நடத்திக்கொண்டிருந்தபோது எழுதிய சாட்சி நூலில், திருமுழுக்கின்போது தாம் கிறிஸ்தவ மதத்தைக் கண்டிருந்தாலும் கிறிஸ்துவைக் கண்டிருக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். உலகெங்கும் அறியப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தலைவர், தம் புகழின் அடித்தளமாக மற்றவர்கள் கருதிய நிகழ்வையே குறையுடையதென்று ஒப்புக்கொள்கிறார். அதில் அவர் அடமானம் வைப்பது தம் பெயரை மட்டுமே.

எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் இறைவனின் அருகாமையை உணராத இருளில் வாழ்ந்தார் என்று உலகம் அறிந்தது. சிலர் அதைப் பாசாங்கு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் அதைத் தம் ஆன்ம வழிகாட்டிகளிடம் சொல்லியிருந்தார். கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டிருந்தார். சொல்ல வேண்டியவரிடம் சொல்வதும், மற்றவரிடம் மௌனமாயிருப்பதும் பொய்யாகாது. என் தந்தை 2014-இல், “வீட்டில் ஒரு பாரம் இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சபை யூகித்திருக்கும், முணுமுணுத்திருக்கும். ஆனால் யாரும் மஸ்கட்டிலிருந்து திரும்பி வரவேண்டியிருந்திருக்காது.

நான் போதகரின் மகள், போதகர் அல்லள். எனினும் ஆய்வரங்குகளில் பிறர் தன்வரலாறுகளை எடுத்துப் பேசுவது என் தொழில். தகவலாளியின் ஒப்புதல் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எங்கள் துறையில் நினைத்துக்கொள்கிறோம். அப்பாவின் பழைய கேள்வி இங்கேதான் திரும்பி வருகிறது: உயிரோடு இருந்திருந்தால் விட்டிருப்பாரா? லட்சுமிபாய்க்கு அந்தக் கேள்வியைக் காலம் தீர்த்துவைத்தது. மேலும், அவர் எழுதியது தம் வாழ்க்கையும் கூட. திலக்கின் கோபத்தைத் தாங்கியவர் அவர்தாம். எனக்கு அந்த வசதி இல்லை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், இதை வாசிப்பார்கள்.

ஆகவே இந்தப் பதிவை முதலில் அண்ணனிடம் கொடுத்தேன். அவன் இரண்டு பத்திகளை அடித்துவிட்டான். அவை இங்கே இல்லை. வாதத்துக்கு வலு சேர்த்தவை என்று எனக்குத் தோன்றிய பத்திகள் அவை. நகை விஷயம் இருக்கட்டும் என்றான். “அதை இப்ப நானே சொல்லிட்டுத்தான் இருக்கேன், புதுசா வர்ற பசங்ககிட்ட.” அவன் வாரம் ஒரு மாலை அதே மையத்துக்குப் போய்ப் பேசுகிறான்.

பிறகு அப்பா வாசித்தார். ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது அவர் வாசிப்பது மிக மெதுவாக. எதையும் நீக்கச் சொல்லவில்லை. முதல் பத்தியின் கடைசி வரியில் மட்டும் விரலை வைத்தார். “வீட்டில் முடிவாகியிருந்ததுன்னு எழுதியிருக்கே. அம்மாவுக்கு அதுல விருப்பமே இல்ல. மஸ்கட்னு ஊரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அதைச் சேர்த்துடு” என்றார்.

சேர்த்துவிட்டேன்.